முட்டைக்கோசோடு வந்தவன்

இருளப்பன் கடைசியாக வந்தான். சும்மா வந்தானா? கக்கத்தில் ஒரு முட்டைக்கோசை இடுக்கிக்கொண்டு வந்தான்.

காலை ஏழு மணிக்குக் கம்போங் ராஜாவில் கிளம்பிய மாரத்தான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். ஜெயித்தவன் பத்தரைக்கே கோப்பையை வாங்கிக்கொண்டு போய்விட்டான். தானா ராத்தா திடலில் பந்தலைப் பிரிக்க ஆரம்பித்த பிறகுதான் இருளப்பன் தலை தெரிந்தது. மணி ஒன்று இருபது.

கிராணி செல்லையாவுக்கு மானம் போயிற்று. தேயிலை எஸ்டேட் ஆபீசில் பதினெட்டு வருஷமாகப் பேனா பிடிப்பவர். 'கோப்பை நமக்குத்தான்' என்று துரையிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி, இவன் பேரைக் கொடுத்தவரே அவர்தான்.

அளந்தது கொஞ்சநஞ்சமா? மேல்மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகும் பெண்களைத் தினமும் லோரி ஏற்றிப் போகும். அதே மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் இருளப்பன் மட்டும் லோரியில் ஏற மாட்டான். ஓடித்தான் போவான். ஐந்து மைல், முப்பத்தைந்து நிமிஷம். "இவனுக்கு லோரியே வேணாங்கய்யா" என்று போன வாரம்தான் ஆபீசில் பெருமையடித்தார். துரை எத்தனை நிமிஷம் என்று திருப்பிக் கேட்டு, ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அன்றைக்குச் செல்லையாவுக்குச் சந்தோஷத்தில் சோறே இறங்கவில்லை.

இப்போது கோபத்தில் இறங்கவில்லை. வழியில் நடந்த கூத்தெல்லாம் இருளப்பனுக்கு முன்னாலேயே திடலுக்கு வந்து சேர்ந்திருந்தது. திரிங்காப்பில் நின்று காய்கறித் தோட்டக்காரர்களோடு கதை பேசினானாம். முட்டைக்கோஸ் அவர்கள் கொடுத்ததுதானாம். தாஜுதீன் கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தானாம், அதுவும் இரண்டு கிளாஸ்.

"ஏண்டா, கால்ல அடி பட்டுச்சா?"

"இல்லீங்க கிராணி."

"மூச்சு வாங்குச்சா?"

"அதெல்லாம் இல்லீங்க. சும்மா ஆசைக்கு ஓடுனேன் லா. வேகமா ஓடுனா ரோடுதான் தெரியும். இன்னிக்குத்தான் ஊரு தெரிஞ்சிச்சு. வழி பூரா பூவு."

செல்லையாவுக்கு அவனை அறையலாம் போல இருந்தது. அதற்குள் துரை வந்துவிட்டார். கடிகாரத்தைப் பார்த்தார், முட்டைக்கோசைப் பார்த்தார். அந்த முப்பத்தைந்து நிமிஷக் கதை நிஜம்தானா என்று கிராணியிடம் கேட்டார்.

நிஜம்தான். செல்லையாவே எத்தனையோ நாள் கடிகாரத்தை வைத்துப் பார்த்திருக்கிறார். ஆனால் ஆத்திரம் யாரை விட்டது?

"எல்லாம் புளுகுங்கய்யா. நாந்தான் ஏமாந்துட்டேன். மேல்மலைக்கு நடந்து போனா இவனுக்கே ரெண்டு மணி நேரம் ஆகும்."

பக்கத்தில் நின்ற இருளப்பன் முட்டைக்கோசைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான். துரை "ம்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

திங்கட்கிழமை காலை செல்லையா ஆபீசைத் திறந்தபோது, டைப் அடிக்க வேண்டிய தாள்களின் நடுவே துரை கைப்பட எழுதிய ஒரு கடிதம் கிடந்தது. குறுக்கே சிவப்புப் பேனாவால் பெரிய கோடு. டைப் அடிக்க வேண்டாம் என்று அர்த்தம். சும்மா கண்ணை ஓட்டினார்.

மேல்மலைக்குப் போகும் லோரி அடுத்த மாதம் முதல் நிறுத்தப்படுகிறது. முப்பத்தைந்து நிமிஷத்தில் போகக்கூடிய தூரம்தான் என்று பெரிய கிராணியே உறுதி சொல்லியிருப்பதால், பெண்கள் இனி நடந்தே வேலைக்கு வரலாம்.

தேதியைப் பார்த்தார். அவர் பெருமையடித்த அதே நாள்.

வெளியே லோரி உறுமிக்கொண்டு நின்றது. கொழுந்து எடுக்கும் தங்கம்மாவுக்கு ஏழு மாசம். அவளை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு ஓரமாக இடம் விட்டு, கவ்வாத்துக் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு, லோரிக்குள் உட்கார்ந்திருந்தான் இருளப்பன். பிறந்ததிலிருந்து லோரியில் ஏறாதவன்.

செல்லையா கடிதத்தோடு படியிறங்கிப் போனார்.

"துரைகிட்ட நான் உன்னப் பத்திப் பேசுனன்னிக்கு, நீ எங்கடா இருந்த?"

"சன்னலுக்கு வெளியதாங்க நின்னேன். அவரு நிமிஷத்த எழுதிக்கிட்டாரு, லோரிய நிறுத்தத்தான்னு தோணிச்சு. நீங்க சிரிச்சிக்கிட்டு இருந்தீங்க."

பதினெட்டு வருஷத்தில் யாரிடமும் அவர் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடா?"

லோரி நகர ஆரம்பித்தது. இருளப்பன் பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"சொல்லியிருந்தா துரைகிட்ட உங்களுக்குப் பொய் வந்திருக்காதுங்க கிராணி. கோவத்துல சொன்னீங்க பாருங்க, அதான் நம்பிட்டாரு."