முன்னும் பின்னும்

"நாளையிலிருந்து ஊசியைத் தொடவே மாட்டேன் சார்!"

சரித்திர டீச்சர் இப்படி அறிவித்ததும் ஆசிரியர் அறையில் கைதட்டல் பறந்தது. பல வருஷமாகத் தினமும் வயிற்றில் இன்சுலின் குத்திக் குத்தி அலுத்துப்போனவர் அவர். சர்க்கரை வியாதியைச் சாப்பாட்டாலேயே விரட்டலாம் என்று பள்ளிக்கு வந்து பேசிய டயட் நிபுணர், அவர் கண்ணுக்குத் தெய்வமாகவே தெரிந்தார்.

"ஒரு நிமிஷம் சார்," என்று எழுந்தார் கணக்கு டீச்சர். இந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். தாராளமான உடம்பு. அவர் எழுந்ததில் நாற்காலி நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

"உங்க முறையை எத்தனை பேர் பின்பற்றினாங்க?"

"ஆயிரக்கணக்குல!"

"அதுல பாதியில விட்டவங்க?"

"அதையெல்லாம் யாரும்மா கணக்கு வச்சுக்குறாங்க?"

"நான் வச்சுக்குவேனே! அதுதானே என் பொழப்பு."

சிரிப்பு எழுந்தது. கணக்கு டீச்சர் விடவில்லை. "குணமானவங்க, உங்க முறையோட கூடவே மருந்தும் எடுத்துக்கிட்டாங்களா? உங்க முறைக்கு வராம, வெறும் மருந்து மட்டும் சாப்பிட்டவங்களோட ஒப்பிட்டுப் பாத்தீங்களா?"

நிபுணர் மடமடவென்று தண்ணீர் குடித்தார்.

சரித்திர டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கென்னம்மா, கேள்வி கேட்டுட்டுப் போயிடுவீங்க! தினம் குத்திக்கிறவளுக்குத்தானே அந்த வலி தெரியும்? எனக்குக் கிடைச்ச ஒரே வழியையும் அடைக்காதீங்க."

"அடைக்கல அக்கா. ஆதாரம்தான் கேக்குறேன்."

"ஆதாரமா? இதோ!"

தெம்பு வந்துவிட்ட நிபுணர், திரையில் இரண்டு படங்களைப் போட்டார். முகத்தை மறைத்த ஒரு பெண். இடப்பக்கம் குண்டாக, கீழே 'முன்' என்று எழுதியிருந்தது. வலப்பக்கம் ஒல்லிக்குச்சியாக, 'பின்'.

"ஊசியே வேண்டாம்னு தூக்கி எறிஞ்சவங்க இவங்க. இதைவிட வேற என்ன சாட்சி வேணும்? சொல்லப்போனா டீச்சர், முதல்ல சேர வேண்டியது நீங்கதான்!"

அறையே கொல்லென்று சிரித்தது. சரித்திர டீச்சரும் சேர்ந்து சிரித்தார். நாளை வரை எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று தோன்றியது அவருக்கு. கைப்பையிலிருந்து பேனா மாதிரியான இன்சுலின் ஊசியை எடுத்துக்கொண்டு குப்பைத்தொட்டிப் பக்கம் நடந்தார்.

கணக்கு டீச்சர் குறுக்கே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவமானப்பட்டவர் முகமாக இல்லை அது. ஜெயித்துவிட்டவர் முகமாக இருந்தது.

"சபாஷ் சார்! ஆஸ்பத்திரிக்கு நன்றி சொல்லி நான் நெட்டுல போட்ட என் படங்கள்தான் இது ரெண்டும். முகம் மறைக்காத அசல், தேதியோட என் போன்ல இருக்கு. எல்லாரும் பாருங்க."

போன் கைக்குக் கை மாறியது. நிபுணர் திரையை அணைக்க ரிமோட்டைத் தேடினார்.

கணக்கு டீச்சர் சிரித்தபடியே திரையைக் காட்டினார். "அக்கா, அந்த எலும்புக்கூடுதான் முதல்ல எடுத்தது, சர்க்கரை முத்திப்போய் நான் சாகக் கிடந்தப்போ. உங்களை மாதிரியே தினம் இன்சுலின் குத்திப் பிழைச்சு வந்தப்புறம் எடுத்ததுதான், அந்தக் குண்டுப் படம்!"