கதவு திறந்ததும் வரும் சொல்

“வெளியே வந்ததும் முதல்ல என்ன சொல்றாங்கன்னு மட்டும் கேளு. ‘டாக்டர்’னு கூப்பிட்டா பட்டம் கிடைச்சாச்சு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அஞ்சு வருஷமும் போச்சு” என்றார் விரிவுரையாளர்.

மனைவி தலையாட்டினாள். காலையிலிருந்து இதைப் பலமுறை கேட்டுவிட்டாள். எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம்தான். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தத் தேர்வுக் குழுத் தலைவரும் அதை மீறியதில்லை.

வாய்மொழித் தேர்வு முடிந்து, குழுவைத் தவிர எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். பார்க்க வந்த கூட்டம் டீ குடிக்கப் போயிருந்தது. உள்ளே குழு முடிவெடுத்துக்கொண்டிருந்தது. கதவு மூடியிருந்தது. விரிவுரையாளர் அறிவிப்புப் பலகையிலிருந்து தண்ணீர் இயந்திரம் வரை நடந்தார். திரும்பி நடந்தார்.

மனைவியின் தம்பி சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தான். “மாமா, அக்காவைப் பிரசவத்துக்குச் சேர்த்தப்பகூட நீங்க இப்படி நடக்கலையே.”

“அன்னைக்கு இவர் கேன்டீன்ல தூங்கிட்டாருடா” என்றாள் மனைவி.

எதிர் பெஞ்சில் கல்லூரி முதல்வர் கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்கு விடுப்பு கேட்டு விரிவுரையாளர் அவர் அறையில் போய் நின்றபோது, நானும்தான் வரப்போகிறேனே என்று சிரித்திருந்தார். பாதி அலுவலகத்தைப் பையில் திணித்துக்கொண்டு வந்திருந்தார்.

தம்பி குனிந்து மாமாவின் காதில், மேலதிகாரியே கூட வந்து உட்கார்ந்திருக்கும்போது என்ன பயம் என்று கேட்டான்.

“அதான்டா பயமே” என்றார் அவர் அதைவிட மெதுவாக. “இது ஊத்திக்கிச்சுன்னா நாளைக்கு அந்தக் காலேஜ்ல எப்படி மூஞ்சியைக் காட்டுவேன்?”

பயப்படக் காரணம் இருந்தது. பதிவுக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. இனி நீட்டிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இன்று போனால் எல்லாம் முதலிலிருந்து. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அந்த ஆய்வேடு தின்று தீர்த்தது என்பது மனைவிக்குத் தெரியும். சாப்பாட்டு மேசை முழுக்க அத்தியாயங்கள் பரந்து கிடக்க, குடும்பமே கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டது. மகளுக்குப் பேச்சு வந்த புதிதில் அம்மா, அப்பா, அடிக்குறிப்பு என்றுதான் சொன்னாள்.

சட்டென்று கதவு திறந்தது. மூவரும் விறைத்தார்கள். ஓர் எழுத்தர் தலையை நீட்டி, ஏசி ரிமோட்டை யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றதும் கதவு மூடிக்கொண்டது.

தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் இயந்திரத்தின் பின்னால் ஒளிந்தான்.

விரிவுரையாளருக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசிக் கேள்விதான் அவரைக் குடைந்தது. கல்லூரித் தலைமையில் இருப்பவரும் வாரம் ஒரு வகுப்பாவது எடுக்க வேண்டும் என்பது ஆய்வின் முடிவு. குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முதல்வருக்கு வேறு வேலையே இல்லையா என்று கேட்டார். வகுப்புக்கே போகாதவர் யாருக்குத் தலைவர் என்று பதில் போனது.

“அப்படிப் பதில் சொல்லியிருக்கக் கூடாது. எகத்தாளமாப் போயிடுச்சு.”

“ஹாலே கை தட்டுச்சே” என்றாள் மனைவி.

“தட்டினது நம்ம காலேஜ் ஆளுங்க. முடிவு பண்றது அவங்க இல்ல.” ஒரு நடை போய் வந்தார். “குரல் நடுங்கலையே?”

“குரல் கணீர்னு இருந்துச்சு. உங்க கைதான் நடுங்கிச்சு. கடைசி வரிசையிலேர்ந்தே தெரிஞ்சுது.”

முதல்வர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நல்ல பதில்தான் அது. உட்காருங்க. தரை தேயுது.”

உட்கார்ந்தார். கால் மட்டும் தனியாக ஆடியது. மனைவி அந்த முழங்காலின் மேல் தன் கைப்பையை வைத்தாள். இப்போது கைப்பையும் ஆடியது. அதைப் பார்த்த தம்பி மறுபடி தண்ணீர் இயந்திரத்தின் பின்னால் போனான். இந்த முறை மனைவியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் அவருக்கும் தொற்றிக்கொண்டது. மூன்று பேரும் சத்தம் வராமல், கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

குழுத் தலைவரே வந்தார். மூக்குக்கண்ணாடி கழுத்தில் தொங்கியது. முகத்தில் எதுவும் தெரியவில்லை. இருபக்கமும் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“டாக்டர்” என்றார்.

விரிவுரையாளர் எம்பிக் குதித்தார். கைப்பை பறந்தது. சீப்பும் சாவியும் சில்லறையும் தாழ்வாரமெங்கும் உருண்டன. அவர் மைத்துனனை இடுப்போடு கட்டித் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். இறக்கிவிட்டு மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வந்துடுச்சு, ஞாயிற்றுக்கிழமை வந்துடுச்சு என்று அழுதார்.

குழுத் தலைவர் சில்லறையை மிதிக்காமல் அவரைத் தாண்டிப் போய், எதிர் பெஞ்சின் முன்னால் நின்று கை நீட்டினார். “வாழ்த்துகள், டாக்டர். உள்ளே வாங்க.”

முதல்வர் பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்து, விரிவுரையாளரின் முன்னால் கைகட்டி நின்றார். “உங்ககிட்ட ஆராய்ச்சி பண்ணின முதல் மாணவி பாஸ், சார். நாளையிலேர்ந்து நான் பழையபடி உங்க முதல்வர்தான், லேட்டா வந்துடாதீங்க.”