ஏரோப்ளேன் தாத்தா

தேர்வாய் கண்டிகை ஆலைகளுக்குப் பின்னால், நெல் வயலின் வரப்போரம், மஞ்சள் பூசிய கல்லின்மேல் வெயில் ஏறுகிறது. யுத்தகாலத்தில் பயிற்சி விமானம் விழுந்து, அதை ஓட்டிய வெள்ளைக்காரர் செத்துப்போன இடம். தலைமுறைகளாக அவர் இந்தக் குடும்பத்துக்கு ஏரோப்ளேன் தாத்தா. அறுவடைக்கு முன் அவருக்குப் படைத்தாக வேண்டும். கெங்கம்மாள் வாழையிலையில் குழைந்த பொங்கலை வைக்கிறாள். பக்கத்தில், உரலில் இடித்த வெற்றிலைபாக்கை உருண்டையாக்கி வைக்கிறாள், தாத்தாவின் பல் போன வாய்க்கு என்று. செத்தவரின் தங்கை பேத்தி லண்டனிலிருந்து வந்திருக்கிறாள். அவள் கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டுகிறாள். காற்றில் அது படபடக்கிறது. மீசை அரும்பாத முகம். சிரிப்பில் முன்பற்கள் இரண்டும் பெரிதாகத் தெரிகின்றன.

"யார்ரா இந்தப் பையன்?"

"இவருதாம்மா அது. பத்தொம்பது வயசாம்," என்கிறான் மகன் சந்திரமோகன்.

கெங்கம்மாளின் கை இலைமேலேயே நின்றுவிடுகிறது. ஆலைச் சங்கு ஊதி அடங்குகிறது.

"அய்யோ நைனா... இத்தினி வருசமா உன்ன கெய்வனாக்கி வச்சிக்கினு இருந்தோமே."

இடித்த வெற்றிலையை வழித்து அப்புறப்படுத்துகிறாள். மகன் ஆலை ஷிப்டுக்கு எடுத்துப்போகும் பையைத் துழாவி, ஒரு முறுக்கை எடுத்து இலையில் வைக்கிறாள்.

"கடிச்சித் துன்னு, கண்ணு."