அம்மாவின் சப்டைட்டில்

மகள் அலுவலகத்திலிருந்து வந்தபோது அப்பாவின் சிரிப்பு வாசல்வரை கேட்டது. ஆபரேஷன் முடிந்து ஐந்து நாள்தான் ஆகிறது, இரண்டு கண்ணிலும் கட்டு. ஜப்பான் படம் இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. அதனால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, சப்டைட்டிலைப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டிவியில் ஒருவன் அலறினான்.

"இப்ப என்னவாம்?" என்றார் அப்பா.

"புதுச் சட்டையில காபியக் கொட்டிக்கிட்டானாம். பொண்டாட்டி தோலை உரிச்சிடுவாளேன்னு கத்துறான்."

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகள் திரையைப் பார்த்தாள். அலறியவனின் நெஞ்சில் கத்தி செருகியிருந்தது. தரையில் ஏற்கெனவே மூன்று பிணங்கள்.

அம்மா படத்தை நிறுத்திவிட்டு அவளை அடுப்படிக்கு இழுத்துப்போனாள்.

"வாயத் திறக்காத. காமெடிப் படமெல்லாம் நேத்தே தீர்ந்துபோச்சு. இருக்கிறது பூரா கொலைப் படம். பிரஷர் ஏறினா கண்ணுக்கு ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நான் வேற என்னதான் பண்றது?"

"தெரிஞ்சுபோச்சுன்னா?"

"கட்டுப் பிரிக்கிற வரைக்கும் தெரியக்கூடாது" என்று சொல்லிவிட்டு அம்மா மாத்திரையைத் தேடப் போனாள்.

மகள் அப்பாவின் அருகில் வந்து உட்கார்ந்தாள். "படம் எப்படிப்பா?"

அப்பா குரலைத் தாழ்த்தினார். "பத்துத் தடவை பார்த்த படம்தான். முதல் அலறல்லயே கண்டுபிடிச்சிட்டேன்."

"அப்ப அம்மா சொல்றதெல்லாம்..."

"அவகிட்ட மூச்சு விட்டுடாத. அடுத்த சீன்ல ஒருத்தன் தலைய வெட்டுவாங்க. அதை இவ எப்படிச் சமாளிக்கிறான்னு கேட்காம எனக்குத் தூக்கம் வராது."