ஈயமில்லா வகுப்பறை

மர்பி டவுன் மழலையர் பள்ளியில் 'ஈயமில்லா வகுப்பறை' திறப்பு விழா. பெயிண்ட் சான்றிதழைக் கைக்குழந்தையைப்போல் ஏந்திக் காட்டுகிறார் தாளாளர். எல்லோரும் கைதட்டுகிறார்கள், மகளோடு வந்திருக்கும் ஆஞ்சலா தட்டவில்லை. வெயில் விழும் ஜன்னல் விளிம்பில் புது மஞ்சள் உரிந்து, பழைய பச்சை எட்டிப் பார்க்கிறது. பக்கத்தில் நிற்கும் பெயிண்டரிடம் மெதுவாகக் கேட்கிறாள்: "ஏண்ணா, பழசை எடுக்கலையா? அதுலதானே அந்த ஈய விஷம்?"

"மேலயே அடிக்கச் சொல்ட்டாங்கம்மா. சர்டிபிகேட் புது டப்பாவுக்குத்தான், சுவத்துக்கில்ல."

அதற்குள் அவளுடைய மூன்று வயது மகள் ஜன்னலைச் சுரண்டிவிட்டு, பச்சைச் செதில் ஒட்டிய விரலை வாய்க்குக் கொண்டுபோகிறாள். ஆஞ்சலா பாய்ந்து அந்தக் கையைப் பிடிக்கிறாள். கேமராக்காரர் குதூகலிக்கிறார்: "சூப்பர் மேடம்! கையை விடாதீங்க, 'ஈயமில்லா வகுப்பறை' போர்டு பின்னாடி நல்லா தெரியுது. கொஞ்சம் சிரிங்க."