வாயைத் திறக்காத ‘கே’

கரும்பலகையில் கத்தி, முழங்கால், முடிச்சு மூன்றையும் யாரோ இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். மூன்றிலும் ‘கே’ என்ற எழுத்து முன்னால் நின்றது, அதை ஒட்டி ‘என்’ நின்றது. ஆனால் நைஃப், நீ, நாட் என்றுதான் வாசிக்க வேண்டுமாம். ‘கே’ வாயைத் திறக்கவே கூடாது.

"முதல் ஆளா நிக்கிறேன். என்னை ஒருத்தரும் கூப்பிட மாட்டேங்கிறாங்களே!" என்று புலம்பியது ‘கே’.

"சும்மா நிக்கிறதுக்கு உனக்கென்ன வலிக்குது?" என்றது ‘என்’.

"அப்போ நீயே தனியா நில்லு. நான் போறேன்."

‘கே’ பலகையிலிருந்து இறங்க ஒரு காலைத் தூக்கியது. அந்த நேரம் பார்த்து ஒரு காகம் ஜன்னலில் வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துப் பலகையைப் பார்த்தது. எழுத்துக் கூட்டி, ஊருக்கே கேட்கும்படி வாசித்தது.

"க்... க்னைஃப்! க்னீ! க்னாட்!"

"ஐயையோ, தப்பு! ‘க்’ வரக் கூடாது!" என்று பதறியது ‘என்’.

"அது வராம எனக்கு வாயே திறக்காதுப்பா" என்றது காகம்.

‘கே’ தூக்கிய காலை மெல்லக் கீழே வைத்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது.

"காக்கா அண்ணே, இன்னொரு தடவை தப்பா வாசிங்க!"