பதினோரு புள்ளிகள்

“இது ஊதுவத்தி சூடு” என்றார் சுப்பராயலு.

மகளின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பியிருந்தார். இடது தாடையோரம் பதினோரு புள்ளிகள். கருத்துக் காய்ந்து, கடுகளவில்.

வேர்வை தாங்காமல் சங்கவி ஒரு நிமிடம் முகத்தைச் சுற்றியிருந்த துப்பட்டாவைத் தளர்த்தியதுதான் தப்பாகிவிட்டது.

ஒலக்கூர்க் கொல்லையில் செடியிலிருந்து மல்லாட்டைக் கடலையை ஆய்ந்துகொண்டிருந்த எட்டுப் பெண்களின் கைகளும் நின்றன.

“உம் புருசன்தானே? சொல்லு.”

“அவரு இல்லப்பா.”

“அப்ப யாரு?”

பதில் இருந்தது. சங்கவி துப்பட்டாவை மறுபடி தாடைவரை இழுத்துக்கொண்டாள்.

பத்தொன்பது வயதில் அவளுக்குத் தாடி முளைக்கத் தொடங்கியது. அம்மா இருந்தவரை அம்மாவுக்கு மட்டும் தெரியும். கல்யாணமாகித் திண்டிவனம் போன இந்த இரண்டு வருடமும், கணவன் வல்லரசு எழுவதற்கு முன்பே குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு மழித்துவிடுவாள்.

இரண்டு மாதமாகச் சனிக்கிழமைகளில், ஆரித் தையல் வேலை கற்றுக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே ஒரு தோல் டாக்டர் ஒவ்வொரு முடியின் வேரிலும் மெல்லிய ஊசியை இறக்கி மின்சாரம் வைத்தார். வேர் செத்துவிட்டால் அந்த இடத்தில் முடி திரும்ப வராது என்றார். பொருக்கு தானாக உதிரும், சொறியக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

தூக்கத்தில் சொறிந்திருக்கிறாள்; புள்ளிகள் கருத்துவிட்டன.

இந்த எட்டுப் பேர் முன்னால் சொன்னால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஊருக்குத் தெரிந்தால் வல்லரசுக்கும் தெரியும்.

சுப்பராயலு வரப்பில் கிடந்த கொடுவாளை எடுத்தார்.

மேல்மலையனூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த அவருடைய தங்கை ஒருமுறை முதுகில் சூட்டுக் காயத்தோடு வந்து நின்றாள். அடுப்பு சுட்டுவிட்டது என்றாள். அதை நம்பி, அவரே பஸ் ஏற்றி அனுப்பிவைத்தார். மறுபடி அவளைப் பிணமாகத்தான் பார்த்தார்.

கொல்லை முனையில் வண்டிச் சத்தம் கேட்டது.

சங்கவியை அழைத்துப்போக வந்த வல்லரசு, வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினான். அவன் இரண்டடி வைப்பதற்குள் சுப்பராயலுவின் இடது கை அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டது.

“எம் பொண்ணு தாடையில யாருடா சூடு வெச்சது?”

வல்லரசு கொடுவாளைப் பார்த்தான். பிறகு சங்கவியைப் பார்த்தான்.

அவள் துப்பட்டாவை இரண்டு கைகளாலும் முகத்தோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள். எது வேண்டாம் என்று அவளுக்கே தெரியவில்லை.

“நான்தான் மாமா” என்றான். “கோவத்துல பண்ணிட்டேன்.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

பிறகு விளங்கியது. இவனுக்குத் தெரியும்.

கொடுவாள் மேலே போனது.

“சூடு இல்லப்பா!” என்று கத்தினாள். “எனக்குத் தாடி மொளைக்குதுப்பா. விழுப்புரத்துல ஊசி வெச்சி வேரைச் சுட்டு எடுத்துக்கினு வர்றேன். அவரு ஒண்ணும் பண்ணலப்பா!”

சுப்பராயலு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எந் தங்கச்சியும் இப்படித்தான் பொய் சொல்லிச்சி” என்றார்.

சங்கவி ஓடினாள். துப்பட்டா எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. வல்லரசின் சட்டையிலிருந்து அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அந்தக் கையை இழுத்துத் தன் வலது தாடையில் வைத்து அழுத்தி, கீழிருந்து மேலாகத் தேய்த்தாள்.

வலப்பக்கத்துக்கு வைத்தியம் வரும் சனிக்கிழமை. ஊசிக்கு முடி அகப்பட வேண்டும், நான்கு நாள் மழிக்காதே என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நாற்பது வருடமாகத் தன் முகத்தை மழித்துக்கொண்ட கை அது. நான்கு நாள் தாடி எப்படி இருக்கும் என்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொடுவாள் மண்ணில் விழுந்தது.

சுப்பராயலு கையை எடுக்கவில்லை. உள்ளங்கையை அகல விரித்து, பெண்களின் பார்வை படாதபடி மகளின் தாடையை மூடிக்கொண்டார்.

ஒருத்தி குனிந்து மல்லாட்டைச் செடியொன்றை எடுத்தாள். மற்றவர்களும் குனிந்தார்கள்.

வல்லரசின் பக்கம் திரும்ப சங்கவிக்குத் தைரியம் வரவில்லை. இனி அந்த வீட்டில் எப்படி முகத்தைக் காட்டுவது?

அவன் கிழிந்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பெண்களுக்குக் கேட்காத குரலில் மாமனாரிடம் சொன்னான்.

“இன்னும் எத்தினி வாரம்னு தெரியல மாமா. ஒவ்வொரு தடவையும் சங்கவி அழுதுக்கினேதான் வெளிய வருது. நானும் பின்னாடி வர்ற பஸ்ல போயி, ஆஸ்பத்திரிக்கு எதிர் டீக்கடையில நின்னுக்கினு இருக்கேன்.”